கெனெனிசாவோட கடைசி லேப்: மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோற ரேஸ்

வணக்கம் மக்களே. இன்னைக்கு முழுக்க ஒரே ஒருத்தரைப் பத்திதான். எத்தியோப்பியாவோட கெனெனிசா பெக்கெலே. எதுக்கு அவருன்னா, சேறு, ட்ராக், ரோடுன்னு மூணு தரையிலயும் உலகத்தரத்துல ஓடினவரு. மூணுலயும் எங்க ஜெயிச்சாரு, எங்க சறுக்கினாரு, ஏன் சறுக்கினாருன்னு நேரக் கணக்கை வச்சே பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல பேரு. பெக்கெலேங்கிறது அவங்க அப்பா பேரு. எத்தியோப்பியாவுல குடும்பப் பேருங்கிற வழக்கம் கிடையாது. நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேரைச் சேர்த்துக்குறாங்க, என்ன, அவங்க அதைப் பின்னாடி முழுசா எழுதுவாங்க. அவர் தம்பி தரிக்குவும் பெக்கெலேதான். அதனால நான் கெனெனிசான்னே சொல்றேன். அதுதான் சரியும்கூட.

ஊரு பெக்கோஜி. ஆர்சி பகுதி, ஒரோமியா. கடல் மட்டத்துலேருந்து சுமார் 2,800 மீட்டர் உயரம், அதாவது நம்ம ஊட்டியை விட இன்னும் ஐந்நூறு மீட்டருக்கு மேல. 1982 ஜூன் 13ல பிறந்தாரு. அந்தச் சின்ன ஊர்ல சென்டயேஹு எஷேட்டுன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பசங்களை ஓட வைப்பாரு. ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்ச டெரார்ட்டு டுலு, டிருனேஷ் டிபாபா, கெனெனிசா எல்லாரும் அங்கேருந்து வந்தவங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல 5,000, 10,000 மீட்டர், ஆண்கள் பெண்கள்னு மொத்தம் நாலு தங்கம் இல்லையா? நாலும் பெக்கோஜிக்குத்தான் போச்சு. ரெண்டு கெனெனிசாவுக்கு, ரெண்டு டிருனேஷுக்கு.

உயரத்துல பிறந்ததால ஜெயிக்கிறாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க. உயரத்துலயே இருந்தா ஒரு கெடுதலும் உண்டு. ஆக்சிஜன் கம்மி, அதனால 60 செகண்ட் லேப் (லேப்னா ட்ராக்ல ஒரு சுத்து, 400 மீட்டர்) எல்லாம் அங்க அடுக்கடுக்கா ஓட முடியாது, காலுக்கு அந்த வேகம் மறந்துபோகும். அதுக்காக அடிஸ் அபாபா ஓட்டக்காரங்க இடத்தை மாத்தி மாத்தி ஓடுவாங்க. மெதுவான ஓட்டம்னா என்டோட்டோ மலை, 3,000 மீட்டர் கிட்ட. அங்க யூகலிப்டஸ் காடு, நம்ம தைல மரம். முன்னாடி ஒருத்தர் போவாரு, பின்னாடி எல்லாரும் ஒத்தை வரிசையா மரத்துக்கு மரம் வளைஞ்சு வளைஞ்சு போவாங்க. வேர், சரிவு, மெத்துனு மண்ணு. கணுக்கால் பலப்படும், முட்டிக்கு அடி குறையும். எல்லாத்தையும் விட முக்கியம், வளைஞ்சு போறதால யாரும் ஆர்வக்கோளாறுல வேகத்தை ஏத்த முடியாது. வேகப் பயிற்சிக்கு அடாமா பக்கம் கீழ இறங்குவாங்க. அங்க சுமார் 1,700 மீட்டர்தான். நடுவுல கொரகோஞ்ச்னு சொல்ற கரடுமுரடான மண் ரோடும் உண்டு.

சரி, சேறு. அதாவது கிராஸ் கன்ட்ரி. உலக சாம்பியன்ஷிப்ல அப்போ ரெண்டு ரேஸ் இருந்துச்சு. சின்னது 4 கிலோமீட்டர், பெருசு 12 கிலோமீட்டர், அடுத்தடுத்த நாள்ல. 4 கிலோமீட்டருக்கு 1,500 மீட்டர்காரங்க வருவாங்க, 12க்கு 10,000 மீட்டர்காரங்க வருவாங்க. கெனெனிசா 2002 டப்ளின்ல ரெண்டையும் ஜெயிச்சாரு. 2003, 2004, 2005, 2006ன்னு வரிசையா அஞ்சு வருஷம் ரெண்டையும் ஜெயிச்சாரு. என்னைக் கேட்டா அவரோட சாதனையிலயே பெருசு இதுதான். ட்ராக் ரெக்கார்டை இன்னொருத்தர் உடைக்கலாம். இதை உடைக்கணும்னாலும் வழியில்லை, 2006க்கு அப்புறம் அந்தச் சின்ன ரேஸையே எடுத்துட்டாங்க.

2007 மொம்பாசாவுல சறுக்கினாரு. புழுக்கம். மலை மேல குளிர்ல ஓடிப் பழகின உடம்பு, கடலோரக் காத்துல வியர்வை காயவே காயாது, உடம்புச் சூடு இறங்காது. கடைசிச் சுத்துல ஒதுங்கி நின்னுட்டாரு. எரித்திரியாவோட செர்சனாய் டாடெஸே ஜெயிச்சாரு.

அடுத்த வருஷம் எடின்பரோ. இதைக் கிட்டப் போய்ப் பார்க்கணும். கூட்டத்துல யாரோ குதிகாலை மிதிச்சு ஷூ கழண்டுருச்சு. சேத்துல ஓடற ஸ்பைக்ஸ், அடியில ஆணி நீளமா இருக்கும். பாதி கழண்ட ஷூவோட ஓடினா கணுக்கால் மடங்கும். நின்னாரு, குனிஞ்சாரு, மாட்டினாரு, அதுக்குள்ள முன்னணிக் கூட்டம் போயிருச்சு. இந்த மாதிரி நேரத்துல முக்கால்வாசிப் பேர் பதறி, விட்ட தூரத்தை ஒரே மூச்சுல பிடிக்கப் பாய்வாங்க. பிடிச்சிடுவாங்க, ஆனா அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல காலி. இவரு ஒவ்வொரு ஆளா தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமா ஏறி வந்து, 34 நிமிஷம் 38 செகண்ட்ல ஜெயிச்சாரு. லியோனார்ட் கொமோன் வெறும் மூணு செகண்ட்தான் பின்னாடி.

இப்போ ட்ராக். 10,000 மீட்டர்னா 25 லேப். எல்லாரும் கெனெனிசாவோட கடைசி லேப்பை மட்டும் வெட்டிப் போடுவாங்க. பெய்ஜிங் 10,000ல கடைசி 400 மீட்டர் 53.42 செகண்ட். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா அந்த லேப் எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னா 2003 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்க. முதல் 5,000 மீட்டர் 13 நிமிஷம் 52.33 செகண்ட், அதாவது லேப்புக்கு 66.6 செகண்ட். நிதானம். ரெண்டாவது பாதி 12 நிமிஷம் 57.24 செகண்ட், லேப்புக்கு 62.2. வெறும் 5,000 மீட்டர் ஓடினாலே 13 நிமிஷத்துக்குள்ள வர்றது உலகத்தரம், இவரு ஏற்கெனவே அஞ்சு கிலோமீட்டர் ஓடின காலோட அதைச் செஞ்சாரு. மூணு எத்தியோப்பியர்களும் சேர்ந்து வேகத்தை ஏத்தி மத்தவங்களைப் பிழிஞ்சாங்க. 21 வயசு கெனெனிசா தங்கம், ஹைலே கெப்ரெசெலாஸி வெள்ளி, சிலேஷி சிஹினே வெண்கலம்.

இப்படிப் பிழிஞ்சா என்ன ஆகும்? மத்தவங்க கால்ல இருக்கிற கடைசி 200 மீட்டர் வேகம், கடைசி லேப்புக்கான மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே செலவாயிரும். அவங்ககிட்ட இருக்காது, இவருகிட்ட இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பிழியலைன்னா? 2004 ஏதென்ஸ், 5,000 மீட்டர். ஹிஷாம் எல் கெரூஜ், 1,500 மீட்டர் உலக சாதனைக்காரர், அதே ரேஸ்ல. வேகம் குறைவு. 13 நிமிஷம் 14.39 செகண்ட்ல எல் கெரூஜ் ஜெயிச்சாரு, கெனெனிசா 13 நிமிஷம் 14.59. அஞ்சுல ஒரு பங்கு செகண்ட். ரேஸ் மெதுவாப் போனா அது 1,500 மீட்டர்காரருக்கு விரிச்ச பாய். வேகமாப் போனா மட்டும் எப்பவும் ஜெயிச்சிடலாம்னும் சொல்லலை. முந்தின வருஷம் பாரிஸ்ல 5,000 வேகமாத்தான் போச்சு, அங்க 18 வயசு எலியுட் கிப்சோகே ஜெயிச்சு, எல் கெரூஜ் ரெண்டாவது, கெனெனிசா மூணாவது. ஆனா 2008 பெய்ஜிங் 5,000ல கணக்குச் சரியா விழுந்துச்சு. தூரத்துலேருந்தே முன்னாடி போய் வேகத்தை ஏத்திக்கிட்டே இருந்தாரு. 12 நிமிஷம் 57.82, ஒலிம்பிக் சாதனை. ரெண்டாவது வந்த கிப்சோகே அஞ்சு செகண்ட் பின்னாடி.

ரேஸ் பார்க்கும்போது இன்னொண்ணு கவனிங்க, அவர் எங்க நிக்கிறாருன்னு. ரெண்டாவது, மூணாவது ஆள், முன்னாடி இருக்கிறவர் தோளுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமா. உள்ளே ஒட்டி ஓடினா தூரம் மிச்சம், ஆனா பக்கத்துல ஒருத்தர், முன்னாடி ஒருத்தர்னு பெட்டிக்குள்ள மாட்டிக்குவோம். முழுசா ரெண்டாவது லேன்ல ஓடினா ஒரு லேப்புக்கு ஏழு மீட்டருக்கு மேல கூடுதல். அதனால வளைவுல உள்ளே, நேர்கோட்டுல வெளியே.

2005 தனியாச் சொல்லணும். ஜனவரி 4ஆம் தேதி, சேர்ந்து பயிற்சி பண்ணிக்கிட்டிருக்கும்போதே அவருக்கு நிச்சயமான பொண்ணு ஆலெம் டெச்சாலே மயங்கி விழுந்து இறந்துட்டாங்க. 2003 உலக இளையோர் 1,500 மீட்டர் சாம்பியன். அந்த மாசக் கடைசியில பாஸ்டன் உள்ளரங்க ரேஸ்ல கெனெனிசா லேப் எண்ணிக்கை தவறி, ரேஸ் முடியிறதுக்கு முன்னாடியே பாய்ஞ்சு முடிச்சிட்டு, தோத்தாரு. மார்ச்ல கிராஸ் கன்ட்ரி ரெண்டு தங்கம். ஆகஸ்ட் 8 ஹெல்சின்கியில 10,000 மீட்டர் உலக சாம்பியன். ஆகஸ்ட் 26 பிரஸ்ஸல்ஸ்ல அதே 10,000 மீட்டர் 26 நிமிஷம் 17.53 செகண்ட், அப்போ உலக சாதனை.

அந்த நேரத்தைக் கையில எடுத்துப் பார்ப்போம். ஒரு லேப்புக்கு 63.1 செகண்ட். 100 மீட்டருக்கு 15.8. பக்கத்து கிரவுண்டுல 100 மீட்டர் அளந்து 15.8 செகண்ட்ல ஓடிப் பாருங்க, நிறைய பேருக்கு முடியும். நிக்காம இன்னும் 99 தடவை அதே வேகம்னு நினைச்சுப் பாருங்க. முதல் பாதி 13:09.19, ரெண்டாவது பாதி 13:08.34. ரெண்டு பாதிக்கும் ஒரு செகண்ட் கூட வித்தியாசம் இல்லை. தம்பி தரிக்கு கொஞ்ச தூரம் பேஸ்மேக்கரா, அதாவது முன்னாடி ஓடி வேகம் பிடிச்சுத் தர்றவரா இழுத்தாரு, அப்புறம் தனிதான். 5,000ல 2004ல போட்ட 12:37.35, இந்த 26:17.53, ரெண்டும் 2020 வரைக்கும் நின்னுச்சு. உகாண்டாவோட ஜோஷுவா செப்டெகேய் உடைச்சாரு. அவருக்கு ட்ராக் ஓரத்துல வேகம் காட்டுற விளக்கு ஓடுச்சு, புதுவகை ஸ்பைக்ஸ் இருந்துச்சு. செப்டெகேய் பெரிய ஓட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனா 15 வருஷத்துக்கு முன்னாடி விளக்கு இல்லாம லேப்புக்கு லேப் அந்த வேகத்தைக் கால்லயே வச்சிருந்தவர் இவரு.

2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப்ல 5,000, 10,000 ரெண்டும் தங்கம். அப்புறம் கெண்டைக்கால் காயம். 2010 முழுக்கப் போச்சு. 2011 டேகு உலக சாம்பியன்ஷிப்ல 10,000 மீட்டரைப் பாதியில விட்டாரு. மூணு வாரம்கூட ஆகலை, பிரஸ்ஸல்ஸ்ல 26:43.16, அந்த வருஷத்துலயே உலகத்துல வேகமான நேரம். 2012 லண்டன் ஒலிம்பிக்ல நாலாவது. மூணாவது வந்தது தரிக்கு.

முன்பாதத்துல எம்பி எம்பி ஓடற நடை அவருது. ட்ராக்ல அதுதான் வேகம். ரோட்டுல அதே நடைக்குக் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் 42 கிலோமீட்டருக்கு விலை கொடுக்கணும். மாரத்தான்ல அவர் கணக்கு மேலயும் கீழயும் போறதுக்குப் பெரிய காரணம் இதுதான்னு நினைக்கிறேன். 2014 பாரிஸ், முதல் மாரத்தான், 2:05:04, அப்போ அந்தப் பாதையோட சாதனை. 2015 துபாயில பாதியில நின்னாரு. 2016 பெர்லின் 2:03:03, வெற்றி. ஒரு வருஷம் உச்சம், அடுத்தது காயம், இப்படியே போகும்.

2019 பெர்லின். 37 வயசு. பாதி தூரம் 61 நிமிஷம் 5 செகண்ட். கிப்சோகே முந்தின வருஷம் அங்க 2:01:39ன்னு அப்போதைய உலக சாதனை போட்டப்போ பாதி 61:06. அதாவது கெனெனிசா உலக சாதனைக் கோட்டு மேலயே நிக்கிறாரு. 30 கிலோமீட்டர் தாண்டினதும் பெர்ஹானு லெகெஸேவும் சிசாய் லெம்மாவும் இழுக்க, இவரு பின்னாடி விழுந்துட்டாரு. உடம்புல சேர்த்து வச்ச சர்க்கரை குறைய ஆரம்பிக்கிற தூரம் அது. அங்க பதறி ஒட்டிக்கிட்டா 38ல முடிஞ்சிடும். எடின்பரோவுல பண்ணதையே பண்ணாரு. தன் வேகத்துல விட்டு, லெம்மாவைத் தாண்டி, லெகெஸேவையும் தாண்டி, 2:01:41.

ரெண்டு செகண்ட். அந்த வேகத்துல சுமார் 12 மீட்டர், ஒரு பஸ்ஸோட நீளம். பிராண்டன்பர்க் வாசல் தாண்டி கடைசி நேர்கோட்டுல விட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அங்க இல்லை. 30க்கும் 35க்கும் நடுவுல, தனியா விழுந்த அந்த அஞ்சு கிலோமீட்டர்ல போன செகண்ட் அது. ட்ராக்ல அவர் மத்தவங்களைப் பிழிஞ்ச அதே இடத்துல, ரோட்டுல அவரைப் பிழிஞ்சாங்க.

அப்புறமும் நிறுத்தலை. 2024 ஏப்ரல், லண்டன், 41 வயசு. 2:04:15, ரெண்டாவது இடம், 40 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல உலகத்துலயே வேகமான மாரத்தான். ஜெயிச்ச அலெக்ஸாண்டர் முடிசோ 14 செகண்ட்தான் முன்னாடி. அந்த ஆகஸ்ட்ல பாரிஸ் ஒலிம்பிக். 400 மீட்டருக்கு மேல மொத்த ஏற்றம், அதே அளவு இறக்கம். அந்த இறக்கம்தான் கெண்டைக்காலை அரைக்கும். 2:12:24, 39ஆவது. 12 வருஷம் கழிச்சு ஒலிம்பிக்ல ஓடி, முழுசா முடிச்சாரு.

அடுத்த வீடியோவுல டிருனேஷ். பெய்ஜிங் 10,000, 29 நிமிஷம் 54.66 செகண்ட். 25 லேப்பையும் வரிசையாப் பார்ப்போம். ஸ்டாப்வாட்ச் எடுத்து வச்சுக்கோங்க.