ட்ரென்டனில் பிறந்த நீதிபதி

(பொங்கல் விழாவில் பேசியதை எழுத்தில் கேட்ட நண்பர்களுக்காக)

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தமிழ்ப்பள்ளியை இத்தனை ஆண்டுகளாகத் தாங்கி நிற்கும் முதல்வர் அம்மா அவர்களே, இந்தக் குளிரிலும் பிலடெல்பியாவிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கும் வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, அண்ணனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். விடிவதற்கு முன்பே வந்து சர்க்கரைப் பொங்கல் கிண்டிய அக்காமார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்த கையோடு ஒவ்வொரு ஜனவரியிலும் மார்ட்டின் லூதர் கிங் நாள் வருகிறது. அதனால் இன்று நம் நியூ ஜெர்சியிலேயே பிறந்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். ஏ. லியான் ஹிக்கின்பாதம். பெயரைக் கேட்டதும் சிலருக்கு மவுண்ட் ரோடு புத்தகக் கடை ஞாபகம் வந்திருக்கும். அந்தக் கடைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் 1928-இல் ட்ரென்டனில் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா கூலித் தொழிலாளி, அம்மா வீட்டு வேலை செய்தவர். இவர் பட்ட அவமானம், நீதிபதியாகச் செய்த வேலை, தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய பங்கு என்று மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் பாட்டி ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அது ஞாபகத்தில் இருக்கட்டும்.

1944. பதினாறு வயதுப் பையன், இன்ஜினியரிங் படிக்க இண்டியானாவில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே படிக்கிறார்கள்! அன்றைக்கு அங்கே சுமார் ஆறாயிரம் வெள்ளை மாணவர்கள், கறுப்பு மாணவர்கள் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் விடுதியில் இடம் கிடையாது. ஒரு வீட்டின் கூரைக்கு அடியில் இருந்த பரணில் படுத்தார்கள். ஹீட்டர் இல்லை. இண்டியானா குளிர் எப்படி இருக்கும் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மூன்று நான்கு ஜோடி சாக்ஸ், அதன்மேல் சில நாள் ஷூ, ஜாக்கெட், காதுக்கு மூடி, இத்தனையும் போட்டுக்கொண்டுதான் தூங்கப் போவார்கள். நம் அம்மாக்கள் யாராவது இதைப் பார்த்தால் தாங்குவார்களா?

ஒரு நாள் அந்தப் பையன் நேராகப் பல்கலைக்கழகத் தலைவரின் அறைக்குப் போனான். வெள்ளை மாணவர்களோடு சேர்த்துத் தங்க வையுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அரசு விடுதியில் சூடு இருக்கிற ஏதாவது ஒரு மூலையைத் தனியாகக் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டான். உங்களை விடுதியில் சேர்க்கும்படி சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, இருப்பதை ஏற்றுக்கொள், இல்லையென்றால் உடனே கிளம்பு என்று பதில் வந்தது.

வாயுள்ள பிள்ளைக்கு அன்று கதகதப்பான ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்ற அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது. சரி, அப்படியானால் கட்டாயப்படுத்தும் சட்டம் வர வேண்டும் என்று இன்ஜினியரிங்கை விட்டார், ஆண்டியாக் கல்லூரியில் பட்டம் வாங்கினார், 1952-இல் யேல் சட்டப் பள்ளியிலிருந்து வெளியே வந்தார்.

1964-இல் அதிபர் ஜான்சன் அவரைப் பிலடெல்பியாவில் ஃபெடரல் நீதிபதி, அதாவது மத்திய அரசின் நீதிமன்ற நீதிபதி ஆக்கினார். 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். நீதிபதியாக இருந்துகொண்டே பல்கலைக்கழகங்களில் சட்டம் சொல்லிக்கொடுத்தார். 1993-இல் ஓய்வு பெற்ற பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். அமெரிக்கா ஆங்கிலேயரின் காலனிகளாக இருந்த காலத்தில் அடிமைமுறையைச் சட்டமே எப்படிக் கட்டி எழுப்பியது என்று ஆறு காலனிகளை எடுத்து ஆராய்ந்து புத்தகம் எழுதினார்.

1974-இல் நடந்த ஒரு வழக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தொழிலாளர்கள் ஒரு தொழிற்சங்கத்தின் மீது போட்ட வழக்கு இவரிடம் வந்தது. இவர் கறுப்பின வரலாற்று அறிஞர்கள் கூடிய சபையில் இப்படித்தான் ஒரு மேடையில் பேசியிருந்தார். அதைக் காட்டி, இவர் இந்த வழக்கை விசாரிக்கக் கூடாது, விலக வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டது. அவர் விலகவில்லை. கறுப்பர் என்பதால் இன வழக்கை நான் விசாரிக்கக் கூடாதென்றால், அதே நியாயப்படி வெள்ளை நீதிபதிகளும் விசாரிக்க முடியாதே என்பது அவர் எழுதிய உத்தரவின் சாரம். இதை நான் எத்தனை முறை படித்தாலும் மெய்சிலிர்க்கிறது.

நேரம் ஆகிறதென்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் முதன்முதலாக ஓட்டுப் போட்ட 1994 தேர்தல் சமயத்தில் மத்தியஸ்தராகப் பணியாற்றினார் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் நம் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

1965-க்கு முன்னால் இந்தியாவிலிருந்து இங்கே குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. அந்தக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அடிபட்டு உயிர் கொடுத்துப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965-இல்தான் வந்தது. அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் நாம் இங்கே குளிர் காய்கிறோம். அப்படியிருந்தும், குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆன பிறகும் வாக்காளராகப் பதியாத தமிழர்கள் இந்த அரங்கத்தில் இருக்கிறார்கள். கோபப்படாதீர்கள், தெரிந்துதான் சொல்கிறேன். பள்ளிக்கூட போர்டு தேர்தலில் ஓட்டுப் போடாமல், பள்ளியில் தமிழுக்கு கிரெடிட் வேண்டும் என்று யாரிடம் கேட்பது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பாட்டி சொன்னது நமக்கும்தான்.

நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்னதாகப் பதிந்துவிட வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு விடுகிற இடத்துக்கு எதிரே ஒரு மேஜை போட்டிருக்கிறோம். படிவம் இருக்கிறது, பேனா இருக்கிறது, நிரப்ப உதவி செய்ய நம் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்பதற்கு முன்னால் அந்த மேஜைக்கு ஒரு நடை போய் வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.