சிசிலிக் கரையில் நின்று பார்க்க வேண்டியவை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மத்தியதரைக் கடற்கரைக்கு விடுமுறையில் போனால் எதையெல்லாம் பார்க்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடலைச் சுற்றி இருபது நாடுகளுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு தீவை எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியின் தெற்கு முனையில் இருக்கும் சிசிலி. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு, 25,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

வெயில், நீலக்கடல், எலுமிச்சைத் தோட்டம் எல்லாம் அங்கே தாராளமாக உண்டு. ஆனால் என்னை அந்தத் தீவு இழுப்பது வேறு காரணத்துக்காக. கிரேக்கர், ரோமானியர், அரேபியர், வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள், ஸ்பானியர் என்று எத்தனையோ பேர் வந்து ஆண்டார்கள். முன்னால் இருந்தவர் கட்டியதை அடுத்து வந்தவர் பல இடங்களில் இடிக்கவில்லை, அதிலேயே குடியேறிவிட்டார். இதைப் பார்க்க நேரம் வேண்டும். நம் ஆட்கள் பத்தே நாளில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்குவது, படம் எடுப்பது, திரும்ப ஏறுவது. அந்தப் பத்து நாளையும் இந்த ஒரு தீவுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கிழக்குக் கரையில் சிரக்கூசாவில் தொடங்குவோம். ஆர்க்கிமிடீஸின் ஊர். கி.மு. 212-ல் ரோமானியப் படை நகரைப் பிடித்தபோது அவர் கொல்லப்பட்டதும் இங்கேதான். பழைய நகரம் ஓர்த்தீஜியா என்ற குட்டித் தீவில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். நடுவில் ஒரு பெரிய சதுக்கம், அதில் தலைமைத் தேவாலயம். முகப்பு 18-ஆம் நூற்றாண்டின் பரோக் வேலைப்பாடு, அதாவது வளைவும் அலங்காரமும் நிறைந்த பாணி. வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். இடது கைப்பக்கம் இருக்கும் தெருவுக்குள் திரும்புங்கள்.

அங்கே சுவருக்குள்ளிருந்து பருத்த கல்தூண்கள் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து கீழாக வரிவரியாய்ப் பள்ளம் இழைத்த டோரிக் தூண்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய கோவிலின் தூண்கள் அவை. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் அதைத் தேவாலயமாக மாற்றியவர்கள் தூண்களை அகற்றவில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே கல் வைத்து அடைத்தார்கள், வெளிச்சுற்றுச் சுவர் தயார். உள்ளே கருவறையின் சுவரில் வரிசையாக வளைவுகளை வெட்டினார்கள், ஜனங்கள் நின்று தொழ இடம் தயார். 878-ல் அரேபியர் நகரைப் பிடித்ததும் அது பள்ளிவாசல் ஆயிற்று. நார்மன்கள் வந்ததும் மறுபடி தேவாலயம். 1693-ல் பெரிய நிலநடுக்கம் வந்து முகப்பு விழுந்தது. அதற்குப் பிறகு எழுந்ததுதான் இன்று எல்லோரும் படம் எடுக்கும் முகப்பு. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாக ஏதோ ஒரு பெயரில் தெய்வத்தைக் கும்பிட்டுவரும் கட்டடம் இது. உள்ளே போய் அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள்.

அங்கிருந்து கடலோரமாக நடந்தால் அரெத்தூசா ஊற்று. உப்புக்கடலுக்கும் அதற்கும் இடையே ஒரு சுவர்தான், ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். அதில் பாப்பிரஸ் கோரை வளர்ந்து நிற்கிறது. நகரின் இன்னொரு பக்கம் பாறையைக் குடைந்து செய்த கிரேக்க அரங்கம் இருக்கிறது. பழைய கிரேக்க நாடகங்களை அங்கே மறுபடி நடிக்கும் வழக்கம் 1914-ல் தொடங்கியது. இப்போது மே, ஜூன் மாதங்களில் போனால், சூரியன் இறங்கும் நேரத்தில் அந்தக் கல்படிகளில் உட்கார்ந்து பார்க்கலாம். மொழி புரியாவிட்டாலும் போங்கள். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

கிழக்குக் கரையின் மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதே 1693 நிலநடுக்கத்தில் அழிந்து, தேன் நிறக் கல்லில் புதிதாக எழுந்த ஊர் நோட்டோ. சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும். கத்தானியாவின் சதுக்கத்தில் எரிமலைக் கல்லில் செதுக்கிய ஒரு கறுப்பு யானை முதுகில் கல்தூணைச் சுமந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் காலையில் மீன் சந்தை. தாவோர்மினாவின் பழைய அரங்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எட்னா எரிமலை. கூட்டம் மிக அதிகம், அதனால் திறந்தவுடன் போய்விடுவது நல்லது. எட்னா 3,300 மீட்டருக்கு மேல் உயரம், இன்றும் குமுறிக்கொண்டிருக்கிறது. சுமார் 1,900 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் வரை கேபிள் கார் உண்டு. கீழே கடலில் குளித்த அதே நாளில் மேலே ஸ்வெட்டர் வேண்டியிருக்கும், மறக்காதீர்கள். மலையின் நிலையைப் பொறுத்துச் சில நாள் மேலே விடமாட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

தெற்கே அக்ரிஜெந்தோவில் கோவில்களின் பள்ளத்தாக்கு. அங்குள்ள கொன்கோர்தியா கோவில் இவ்வளவு முழுசாக நிற்பதற்குக் காரணம், 6-ஆம் நூற்றாண்டின் முடிவில் அதையும் தேவாலயம் ஆக்கியதுதான். பக்கத்துப் பள்ளத்தில் கொலிம்பேத்ரா என்ற ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிறது. கோவில்களைப் பார்த்துக் களைத்தவர்கள் அந்த நிழலில் இறங்கிவிடுங்கள், வாய்க்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி வடக்குக் கரையில் இருக்கும் தலைநகர் பலேர்மோ. இங்கே கொஞ்சம் நிற்கப்போகிறேன். நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 12-ஆம் நூற்றாண்டில் தன் அரண்மனைக்குள் ஒரு சிற்றாலயம் கட்டினான். சுவரெல்லாம் தங்க மொசைக், கிழக்கு ரோமப் பேரரசின் பைசாந்திய மரபில் செய்தது. ஆலயத்தின் அமைப்பு லத்தீன் திருச்சபைக்குரியது. கூரை? தேன்கூடு போல அடுக்கடுக்காய்த் தொங்கும் மரவேலை, முஸ்லிம் கலைஞர்கள் செய்தது. அந்தக் கூரையின் குழிவுகளில் குட்டிக்குட்டி ஓவியங்கள் இருக்கின்றன. குழல் ஊதுகிறவர், கோப்பை ஏந்தியவர், அப்புறம் பலகைக்கு இருபுறமும் உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் இருவர். சதுரங்க ஆட்டத்தைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் அது ஒன்று. நம் நாட்டில் பிறந்த ஆட்டம் பாரசீகம், அரேபியா வழியாகப் போய் ஒரு கிறிஸ்தவ அரசனின் கூரையில் உட்கார்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோங்கள்.

நகருக்கு மேலே பெல்லெக்ரீனோ மலை, சுமார் 600 மீட்டர். அதில் ஒரு குகைக் கோவில், புனித ரொசாலியாவுடையது. 1624-ல் கொள்ளை நோய் நகரைச் சூறையாடியபோது, அந்த மலையில் கிடைத்த அவள் எலும்புகளை மறு ஆண்டு ஊர்வலமாகக் கொண்டுசென்றதும் நோய் தணிந்தது என்பது பலேர்மோ மக்களின் நம்பிக்கை. குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகரக் குழாய்களில் பிடித்து ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த நீரைத் தீர்த்தமாக எடுத்துப்போகிறவர்கள் உண்டு. 1980-களிலிருந்து ஈழத்தின் போருக்குத் தப்பி வந்த தமிழர்கள் பலேர்மோவில் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, சைவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மலை ஏறி ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். பலர் வெறுங்காலோடு. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அந்த ஊர்த் தெய்வத்தையும் தங்கள் தெய்வமாக்கிக்கொண்டார்கள். சிரக்கூசாவில் கல்லில் பார்த்த அதே வேலையை இங்கே நம் மக்கள் காலால் நடந்து செய்கிறார்கள். எனக்கு அந்தத் தீவில் இதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது, சைவம் கிடைக்குமா என்று கூட்டம் தொடங்கும் முன்பே ஓர் அம்மா கேட்டார்கள். கவலையே வேண்டாம். பல்லாரோ சந்தைக்குப் போங்கள். கடலைமாவைத் தண்ணீரில் கிளறி, மெல்லிசாகத் தட்டி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பெயர் பனெல்லே. கத்தரிக்காயில் இனிப்பும் புளிப்புமாகச் செய்யும் கப்போனாத்தாவும் உண்டு. அரிசி உருண்டையான அரான்சினியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கடலில் இறங்க எங்கே போகலாம்? பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் செஃபலூ. மணற்கரை, பின்னால் பாறைமலை, நடுவில் 1131-ல் தொடங்கிய நார்மன் தேவாலயம். சில கரைகளில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு. பக்கத்திலேயே இலவசக் கரை இருக்கும், துண்டை விரித்துக்கொள்ளலாம். என் மனதுக்குப் பிடித்தது ஸிங்காரோ. மேற்குக் கரையில் ஏழு கிலோமீட்டர், கார் போகும் சாலை கிடையாது. அப்படிச் சாலை போடத்தான் கிளம்பினார்கள். 1980 மே மாதம் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கரைவழியே நடந்து எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாயிற்று. இன்று அந்தச் சின்னச் சின்னக் குடாக்களில் நீந்துகிறவர்கள் அனுபவிப்பது அந்த நடைபயணத்தின் பலன். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும், உள்ளே கடை கிடையாது.

கடைசியாக, எப்போது போவது? ஆகஸ்ட் வேண்டாம். நமக்குத்தான் வெயில் பழக்கமாயிற்றே என்று சொல்லாதீர்கள். 2021 ஆகஸ்ட் 11-ல் சிரக்கூசா அருகே பதிவான 48.8 டிகிரி செல்சியஸ்தான் ஐரோப்பாவின் உச்ச வெப்பப் பதிவு. அதோடு ஆகஸ்டில் இத்தாலியர்களுக்கும் விடுமுறை, கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மே, ஜூன் போனால் நாடகம் கிடைக்கும். செப்டம்பரில் கடல் இன்னும் இளஞ்சூடாகவே இருக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கத்தானியாவில் விமானம் இறங்கி, கிழக்கை முடித்து, பலேர்மோவிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் ஒரே வழியை இருமுறை கடக்க வேண்டாம். செப்டம்பர் என்று முடிவு செய்தால், 3-ஆம் தேதி இரவு பலேர்மோவில் இருங்கள். அன்றிரவும் மறுநாளும்தான் ஊரே ரொசாலியாவின் மலை ஏறும்.