வெளிநாட்டுக்கு வீடு கட்டப் போனேன், சித்தாளாகத் திரும்பி வந்தேன்

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட, ஓர் அமைப்பு மூலம் சம்பளமில்லாத தன்னார்வலராகப் போயிருந்தேன். ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிவிட்டது, விரல் நுனி இன்னும் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கட்டைவிரல் ஓரத்தில் தோல் வெள்ளையாக உரிந்திருக்கிறதே, அது சிமெண்ட் செய்த வேலை. ஈரச் சிமெண்டில் காரத்தன்மை அதிகம், தோலை அரித்துவிடும். கையுறையைக் கழற்றாதே என்று முதல் நாளே சொன்னார்கள். வேர்க்கிறது என்று இரண்டாம் நாள் கழற்றினேன்.

எந்த நாடு, எந்தக் குடும்பம் என்று சொல்லப் போவதில்லை. அது அவர்களுடைய வீடு. அவர்கள் முகமும் முகவரியும் என் வீடியோவில் கிடக்க வேண்டாம். நாங்கள் பன்னிரண்டு பேர், ஒன்பது வேலை நாள். அதில் கட்டட வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் அந்த இரண்டில் இல்லை.

முதல் நாள் மதியம் மேஸ்திரி என் கையில் கொத்துக்கரண்டியைக் கொடுத்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. மூன்று வரி செங்கல் வைத்தேன். நூல் கட்டித்தான் வைத்தேன், என் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டேன். அவர் வந்து, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேல் வரி ஒரு விரல் அளவு வெளியே தள்ளி நின்றது. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, முகம்கூட மாறவில்லை. செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினார். கலவை காய்வதற்குள் சுரண்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. முக்கால் மணி நேரம் நான் கட்டியதை அவர் பத்து நிமிடத்தில் மறுபடி கட்டி முடித்தார்.

அந்தப் போட்டோவை அழித்துவிட்டேன், தேடாதீர்கள்.

மறுநாளிலிருந்து நான் சித்தாள். அதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காய்ந்த செங்கலை அப்படியே வைத்தால் அது கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை சரியாகப் பிடிக்காது. அதனால் முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். கலவையைத் தேவைக்கு மேல் குழைத்துவிட்டால் பாதி அங்கேயே இறுகிப் போகும், அதில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கினால் பலம் போய்விடும். மேஸ்திரியின் கை நிற்காதபடி, அவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை நேரத்துக்குக் கொண்டுபோய் வைப்பதுதான் சாமர்த்தியம். ஐந்தாம் நாள் அவர் கேட்காமலே நான் கலவைச் சட்டியை நீட்டியபோது தலையை ஒரு தரம் ஆட்டினார். எனக்கு அது போதும்.

சரி, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். “விமான டிக்கெட் காசை அனுப்பியிருந்தால் அங்கேயே ஆள் வைத்துக் கட்டியிருப்பார்களே?” உண்மைதான். என் உழைப்பை மட்டும் கணக்குப் பார்த்தால் நான் போயிருக்கவே கூடாது. ஆனால் நாங்கள் ஒவ்வொருவரும் கட்டிய தொகையில் ஒரு பங்கு பொருளுக்கும் உள்ளூர்க் கொத்தனார்களின் கூலிக்கும் போனது. போவதற்கு முன் நான் துருவித் துருவிக் கேட்டது அதைத்தான். கொத்தனாருக்குக் கூலி உண்டா, எங்களைக் காட்டி அவர் வேலையைப் பறிக்கிறார்களா? மனை யார் பெயரில் இருக்கிறது? நாங்கள் கிளம்பிய பிறகு யார் முடிப்பார்கள்? இதற்கெல்லாம் மழுப்புகிற அமைப்போடு போகாதீர்கள்.

இலவச வீடு கொடுக்கப் போகிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்பைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976-இல் அமெரிக்காவில் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கியது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984-இல் நியூயார்க்கில் அவர்களோடு வேலை செய்யப் போய், பல ஆண்டுகள் விடாமல் போனார். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட மறுநாளே நாஷ்வில்லில் வீடு கட்டும் இடத்தில் போய் நின்றவர். அங்கே வீடு பெறும் குடும்பமும் இத்தனை மணி நேரம் கட்டட வேலை செய்ய வேண்டும், வீட்டுக்கான கடனைத் தவணையாகக் கட்ட வேண்டும். நான் போனது வேறு அமைப்பு, முறை மட்டும் ஏறக்குறைய அதேதான்.

அதனால் வீட்டுக்கார அம்மா எங்களோடுதான் செங்கல் சுமந்தார். ஜன்னல் மட்டம் வந்த அன்று, சமையல் மேடை வரப்போகிற இடத்தில் போய் நின்றார். கையால் எதையோ கிளறுவது போலச் செய்தார், வெளியே எட்டிப் பார்த்தார், மேல் வரியைத் தட்டிக் காட்டினார். ஒரு வரி குறைக்க வேண்டுமாம். வரைபடத்தில் அப்படி இல்லை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். இந்தத் தடவை பிரித்த வரி என்னுடையது இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

அப்புறம், கிளம்புகிறவர்களுக்கு: பல நாடுகளில் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது, தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் உடலுழைப்பு வேலையை விலக்கியிருக்கலாம், பொடி எழுத்தையும் படியுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முனை கெட்டியான பூட்ஸ் வேண்டும், ஓட்டப்பந்தய ஷூ உதவாது.

நாங்கள் கிளம்பும்போது கூரை ஏறவில்லை. புதுச் சுவருக்குக் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும், கடைசி வரி காய்வதற்குள் நாங்கள் விமானத்தில் இருந்தோம். நேற்று ராத்திரி ஒரு போட்டோ வந்தது. சுவர் முழுக்க ஈரம், கீழே குடம், ஓரத்தில் அந்த அம்மாவின் கை மட்டும் தெரிகிறது. ஜன்னல் ஒரு வரி தாழ்வாகத்தான் இருக்கிறது.