ராட்டர்டாம் தென்கரையில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம். நெதர்லாந்தில் கைக்கு எட்டுகிற விலையில் வீடு வாங்குவது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டார்கள். நாடு முழுவதையும் பற்றிப் பேச என்னால் ஆகாது, ராட்டர்டாமின் தென்கரை என்றால் விடிய விடியப் பேசுவேன் என்றேன். கால் மணி நேரம்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். சரி, முடிந்தவரை பார்ப்போம். நான் குடியிருப்பது அந்தக் கரையில்தான். யாராவது வீடு பார்க்கப் போகிறோம், கூட வாங்க என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது வானொலிக்கு வேண்டாம்.

2024இல் இந்த நாட்டில் விற்ற பழைய வீடுகளின் சராசரி விலை ஏறக்குறைய நாலரை லட்சம் யூரோ. வங்கி தரும் கடனோ, கிட்டத்தட்ட ஆண்டு வருமானத்தில் நாலரை மடங்கு. ஒருவர் சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், எந்தப் பேட்டையில் தேட வேண்டும் என்பது தானாக முடிவாகிவிடும். ராட்டர்டாமில் அப்படித் தேடுகிறவர்கள் மாஸ் ஆற்றைத் தாண்டித் தெற்கே வருகிறார்கள். சார்லோஸ், கார்னிஸ, தார்வவைக், ப்ளூம்ஹோஃப், ஹில்லஸ்லவுஸ். வீடு விற்பனை விளம்பரங்கள் வருகிற ஃபுண்டா இணையதளத்தில் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுகிற பெயர்களில் இவை இருக்கும்.

ஏன் மலிவு? வடகரையில் கேட்டால் 'அந்தப் பக்கமா, ஜாக்கிரதை' என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கே துறைமுகங்களை வெட்டத் தொடங்கினார்கள். கூலி வேலைக்கு ஸேலாந்திலிருந்தும் பிராபாண்டிலிருந்தும் விவசாயக் கூலிகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். வடக்கே இருந்தவர்கள் இந்தப் பக்கத்துக்குக் 'குடியானவன் கரை' என்றே பெயர் வைத்தார்கள். அப்புறம் துருக்கி, மொராக்கோ, சுரினாம், கேப் வெர்டி, போலந்து என்று வந்தவர்களுக்கும் அதே வரவேற்புதான். இத்தனைக்கும் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் 1968இல் ஓடியது மத்திய ரயில் நிலையத்திலிருந்து தென்கரையின் சவுட்ப்ளெய்னுக்கு. 1996இல் எராஸ்மஸ் பாலமும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் மாலுமிகளின் சாராயக்கடைகளுக்குப் பேர்போன காட்டன்ட்ரெக்டில் இன்று மலிவு வீடு தேடினால் சிரிப்பார்கள்.

இங்கே ஒன்று சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. நமக்கு மலிவாகத் தெரிகிற பேட்டையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். மலிவு வீடுகளில் 20,000ஐக் குறைப்பதாக மாநகராட்சி போட்ட திட்டத்தின் மீது 2016 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்குப்போட வந்தவர்கள் போதாது என்று அது செல்லாமல் போயிற்று. ஆஃப்ரிகாண்டர்வைக்கில் ட்வேபோஸ் குடியிருப்பு என்று ஒன்று இருந்தது. அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாடகை வீடுகளை இடிக்க முடிவு செய்தபோது ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களே 2021இல் டச்சு அரசுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். பேட்டை முன்னேறுகிறது என்று மேக்லார், அதாவது வீட்டுத் தரகர், சொல்லும்போது யார் வெளியே போனதால் முன்னேறுகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் அங்கேதான் வாங்கினேன்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். அஸ்திவாரம்.

ராட்டர்டாமின் மண் களிமண்ணும், தாவரங்கள் மக்கிச் சேர்ந்த கரிமண்ணும். மிதித்தால் அமுங்குகிற மண். கனம் தாங்குகிற மணல் வேண்டுமென்றால் 15 மீட்டருக்கும் கீழே போக வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் நீளமான மரக்கம்பங்களை மணல் வரை அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் செங்கல் சுவரை எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் மரத்தின் மேல் நிற்கிற வீடுதான். மரம் தண்ணீருக்குள் முழுகியே இருந்தால் பல தலைமுறைக்கு நிற்கும். நிலத்தடி நீர் இறங்கிக் கம்பத்தின் தலை வெளியே தெரிந்தால்தான் வினை. காற்று படுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, மரம் மெத்தென்று ஆகிவிடுகிறது. நீர் இறங்க வறட்சிதான் வேண்டும் என்பதில்லை. தெருவுக்குக் கீழே ஓடுகிற பழைய சாக்கடைக் குழாயில் விரிசல் இருந்தால் போதும், நிலத்தடி நீரை அதுவே உறிஞ்சிக் கொண்டுபோய்விடும். பைன் மரக் கம்பமாக இருந்தால் தண்ணீருக்குள் இருந்தபடியே பாக்டீரியா தின்பதும் உண்டு.

இது ஏதோ ஒரு தெருவின் கதை இல்லை. அரசுக்கு ஆலோசனை சொல்லும் வாழ்விடச் சூழல் மன்றம் 2024இல் கொடுத்த அறிக்கையில் நாடு முழுக்க 4,25,000 கட்டடங்களுக்கு அஸ்திவாரச் சேதம் இருக்கிறது அல்லது 2035க்குள் வரும் என்று எழுதியிருக்கிறது. நாலே கால் லட்சம்! சமையலறையில் புதிய அலமாரி போட்டிருக்கிறதா என்று பார்க்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

தெரிந்த தம்பி ஒருவருடன் கார்னிஸ பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். இரண்டாம் மாடி, போருக்கு முந்திய கட்டடம், சுவரெல்லாம் அப்போதுதான் வெள்ளை அடித்த வாசனை. தம்பிக்கு வீட்டைப் பிடித்துவிட்டது, பால்கனியில் நின்று மனைவிக்கு வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். நான் படுக்கையறைக் கதவைத் திறந்து மூடினேன். ஜோராக மூடியது. அதுதான் எனக்கு உறுத்தியது. கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பார்த்தால், ஒரு ஓரம் முழு உயரம், மறு ஓரத்தில் ஒரு விரல் அளவு இழைத்து எடுத்திருக்கிறார்கள். கதவு நிலை சாய்ந்துவிட்டது, அதற்குத் தகுந்தாற்போல் கதவைச் சாய்வாக இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். தச்சர் கெட்டிக்காரர். அடுத்த அறைக் கதவும் அப்படியே. மேக்லாரைக் கேட்டேன். 'பழைய வீடு, அதன் அழகே அதுதானே' என்றார், புன்னகை மாறாமல்.

தம்பியை இழுத்துக்கொண்டு கீழே வந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். நேயர்களே, காசு செலவில்லாத பரிசோதனை இது. வீட்டை அல்ல, தெருவையே பாருங்கள். செங்கல் வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற சுண்ணாம்புக் கோட்டில் கண்ணை வைத்து, கட்டடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கொண்டுபோங்கள். கோடு நேராகப் போக வேண்டும். அன்றைக்கு அது மூன்றாவது வாசல் வரை நேராகப் போய், அங்கே தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி இறங்கி, மறுபடி ஏறியது. சன்னல்களுக்கு மேலே படிப்படியாக விரிசல், அதற்குள் புதுச் சாந்து. பழைய விரிசலில் பழைய சாந்து இருந்தால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அசைவு நின்றிருக்கலாம். புதுச் சாந்தே மறுபடி வெடித்திருந்தால் கட்டடம் இன்னும் நகர்கிறது.

நாங்கள் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு கீழ்வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். ராட்டர்டாம்காரர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. 'மேலே வாங்கப் போகிறீர்களா? கம்பம் போச்சு. இந்த வரிசைக்கே போச்சு. கேட்டீர்களா, சொன்னார்களா?' என்றார். அப்புறம் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து அவருடைய பங்கு வருத்தத்தையும் சொன்னார். அஸ்திவாரத்தைச் சரிசெய்வது என்றால் கீழ்த்தளத் தரையை முழுக்க உடைத்து, உள்ளேயே நின்று இரும்புக் குழாய்களைத் துண்டு துண்டாக மண்ணுக்குள் அழுத்தி, மேலே கான்கிரீட் தளம் வார்க்க வேண்டும். செலவைக் கட்டடத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள், வீட்டைக் காலிசெய்துவிட்டு மாதக்கணக்கில் வெளியே இருக்க வேண்டியது மட்டும் அவர். செலவும் லேசு இல்லை, ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் யூரோ வரை போகலாம். அதோடு ஒரே கம்ப வரிசையைப் பக்கத்து வாசல்காரர்களும் பகிர்ந்திருப்பதால், நீங்கள் மட்டும் தனியாகச் சரிசெய்துகொள்ளவும் முடியாது. எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முடியாது என்றால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். தம்பி அந்த வீட்டை விட்டுவிட்டார், ஆனால் தென்கரையை விடவில்லை. அடுத்த தெருக்களில், அஸ்திவாரம் ஏற்கெனவே மாற்றிய கட்டடமாகத் தேடிப் பிடித்தார். அஸ்திவாரம் மாற்றிய வீடு என்று விளம்பரத்தில் கண்டால் விலை கொஞ்சம் கூட என்றாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பேன்.

எனவே என்ன கேட்க வேண்டும்? அஸ்திவார ஆய்வு அறிக்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மாநகராட்சியிடம் நிலத்தடி நீர் மட்டம் பற்றிய தகவல் இருக்கிறது, அதைப் பாருங்கள். வங்கிக்காகச் செய்யும் மதிப்பீட்டில் 2021 நடுவிலிருந்து அஸ்திவார அபாயத்தையும் குறிப்பிட வேண்டும், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது உரிமையாளர் சங்கம். இங்கே எல்லோரும் வே-வே-ஏ என்பார்கள். அடுக்குவீடு வாங்கினால் நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதில் உறுப்பினர். கூரை, படிக்கட்டு, அஸ்திவாரம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தென்கரையில் மூன்று வீட்டுக்கு ஒரு சங்கம் என்று நிறைய உண்டு, அவற்றில் பல தூங்குகிற சங்கங்கள். பத்திரத்தில் பெயர் இருக்கும். கூட்டம் கிடையாது, கணக்கு கிடையாது, கட்டடக் காப்பீடுகூடச் சில இடங்களில் கிடையாது. 2018இல் வந்த சட்டப்படி சங்கம் ஆண்டுதோறும் பராமரிப்புத் திட்டத்தின்படியோ, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவில் அரை சதவீதமோ ஒதுக்கி வைக்க வேண்டும். மாதச் சந்தா முப்பது யூரோதான் என்று மேக்லார் பெருமையாகச் சொன்னால் நான் பயப்படுவேன். அந்தக் காசில் கூரை ஓடு மாற்ற முடியுமா? சங்கத்தின் வங்கி இருப்பு, கடைசிக் கூட்டக் குறிப்பு, இரண்டையும் வாங்கிப் படியுங்கள். மற்ற வீட்டு உரிமையாளர்கள் அங்கேயே குடியிருக்கிறார்களா, வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2022 முதல் மாநகராட்சி குறிக்கும் பேட்டைகளில், குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட வீட்டை வாங்கியதும் நாலு ஆண்டு வாடகைக்கு விட முடியாதபடி சட்டம் இருக்கிறது. வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற கணக்கோடு யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கை இப்போதே...

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். பணம் பற்றிப் பெரிதாகப் பேச வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் வீட்டின் மதிப்பில் நூறு சதவீதத்துக்கு மேல் கடன் கிடையாது, மின்சாரம் எரிவாயு மிச்சப்படுத்தும் வேலைகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் தருவார்கள். மதிப்பீட்டைவிட அதிகம் கொடுத்து வாங்கினால் அந்தக் கூடுதல் உங்கள் கைக்காசு. பத்திரம் எழுதித் தருகிற நோட்டாரிஸ், மதிப்பீட்டாளர், சொத்து மாற்ற வரி எல்லாமும் கைக்காசு. குடியிருக்க வாங்கினால் வரி 2 சதவீதம், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு தடவை மட்டும், விலை வரம்புக்குள் இருந்தால், அதுவும் இல்லை. தேசிய வீட்டுக்கடன் உத்தரவாதம் 2025இல் நாலரை லட்சம் யூரோ வரை கிடைத்தது, தென்கரை வீடுகள் பெரும்பாலும் அதற்குள் வரும், வட்டியும் கொஞ்சம் குறையும். ஒப்பந்தத்தில் கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனையை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். எல்லோரும் நீக்குகிறார்கள், நீக்கினால்தான் வீடு கிடைக்கும் என்பார்கள், கேட்காதீர்கள். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகு மூன்று நாள் உண்டு, அதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த மூன்று நாளில் ஒரு நாள் சாயங்காலம் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நன்றி, வணக்கம்.