இறக்கத்தில் கால் பின்னுகிறதா? பிள்ளைகளின் தண்டுவட நீர்க்கட்டி

(காட்சி: கோத்தகிரி, தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை)

வணக்கம். மலையில் வளரும் பிள்ளைகள் இறக்கத்தில் கீழே பார்க்காமலே ஓடுவார்கள். அப்படி ஓடிய 13 வயதுப் பிள்ளை, கால் கனக்கிறது என்று கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினால் வீட்டில் என்ன சொல்வோம்? "குளிருக்குப் பிடிச்சிருக்கும், தைலம் தேய்." பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போய், நடு முதுகு வலியும் சேர்ந்தால் தண்டுவடத்தைப் பார்த்தாக வேண்டும்.

அதற்கு ஓர் அரிய காரணம் அரக்னாய்டு நீர்க்கட்டி. இது புற்றுநோய் இல்லை. கட்டி என்றதுமே அழ ஆரம்பித்துவிடுகிறோம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

(காட்சி: தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் படம்)

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைத் தாங்கி நிற்கும் தடித்த உறைக்கு டியூரா என்று பெயர். சிலருக்கு அதில் பிறவியிலேயே சின்ன ஓட்டை இருக்கும். உள்ளேயிருக்கும் மெல்லிய அரக்னாய்டு சவ்வு அதன் வழியே பிதுங்கிப் பையாகிறது. இருமும்போதும் முக்கும்போதும் நீர் பைக்குள் போகும். சைக்கிள் டியூப் வால்வு மாதிரி, திரும்பி வராது. பை பெருத்துத் தண்டுவடத்தை நசுக்குகிறது.

(காட்சி: மருத்துவரின் அறை)

நல்ல டாக்டர் எடுத்த எடுப்பிலேயே ஸ்கேன் எழுத மாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்வார். சாவி முனையால் உள்ளங்காலின் வெளி ஓரத்தில், குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கீறுவார். கட்டைவிரல் கீழே மடங்கினால் சரி. மேலே நிமிர்ந்தால் கோளாறு காலில் இல்லை. தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கிறது. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கட்டி பெரும்பாலும் அதற்கும் மேலே, நடு முதுகில் வருகிறது. இடுப்பை மட்டும் எடுத்துவிட்டு 'நார்மல்' என்று வீடு திரும்பினால் என்ன பயன்? முதுகு முழுவதும் எடுக்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

படத்தில் பை தெரியும், ஓட்டை பல நேரம் தெரியாது. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் அதற்கு உதவும்.

(காட்சி: மேட்டுப்பாளையம் மலைப்பாதை, பிறகு அறுவை அரங்கு)

இந்த அறுவைக்கு நீலகிரிக்காரர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்குகிறார்கள். குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் பின்பக்க வளைவைத் திறந்து பையை எடுப்பார்கள். என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் டியூராவின் ஓட்டையைத் தைப்பது; விட்டால் மறுபடி நிறையும். வளரும் முதுகில் எலும்பை அப்படியே எடுத்துவிட்டால் கூன் விழலாம் என்பதால், பல சர்ஜன்கள் அதைத் திரும்பப் பொருத்திவிடுகிறார்கள். டியூராவுக்கு உள்ளேயே உருவாகித் தண்டுவடத்தோடு ஒட்டிய கட்டி என்றால் முழுதாக உரிக்க மாட்டார்கள். சுவரைத் திறந்து நீரை வடிய விடுவார்கள்.

வலி சீக்கிரம் குறையும். கால் விறைப்பு விட மாதங்கள் ஆகலாம், பிசியோதெரபியும் வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு போன பிறகு வந்தால் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.