குளிர்காலத்தில் மறுபடி ஓடத் தொடங்குகிறீர்களா? மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

வணக்கம். ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, ஏதோ காரணத்தால் சில மாதங்கள் விட்டுப்போய், சரியாகக் குளிர் தொடங்கும் நேரம் பார்த்து மறுபடி ஷூவைத் தேடுகிறவர்களுக்கான வீடியோ இது. பரிசுக்காக ஓடுகிறவர்களுக்குக் கோச் இருப்பார். நமக்கு இருப்பதெல்லாம் கையில் ஒரு வாட்ச், கூடவே பழைய வேகத்தின் ஞாபகம். இதில் ஆபத்தானது அந்த ஞாபகம்தான்.

முதலில், நிறுத்தியதால் உண்மையில் எதை இழந்தோம் என்று பார்த்துவிடலாம்.

[திரையில்: மெல்லச் சரியும் ஒரு கோடு. 21-ஆம் நாள், 56-ஆம் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது]

எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளரும் அவர் குழுவும் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை 84 நாள் பயிற்சியே இல்லாமல் இருக்கச் சொல்லி அளந்தார்கள். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, அதாவது விஓ2 மேக்ஸ், முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. 56-ஆம் நாள் வாக்கில் 16 சதவீதம் வரை இறங்கி, அதோடு நின்றுவிட்டது. தசைக்குள் ஓடும் நுண் இரத்தக்குழாய்களின் அடர்த்தி மட்டும் பெரிதாகக் குறையவில்லை. ஆக, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறோம் என்ற பயம் தேவையில்லை.

முதல் சில வாரத்திலேயே ஏன் அப்படிச் சரிகிறது? பெரும்பங்கு இரத்தத்தால்தான். பயிற்சியை நிறுத்தியதும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்துவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் இரத்தம் குறையும். அதை ஈடுகட்டத் துடிப்பு கூடும். முதல் நாள் மெதுவாக ஓடினாலே மாடிப்படி ஏறியது போல மூச்சு வாங்குவதும், வாட்ச் பயமுறுத்தும் எண்ணைக் காட்டுவதும் இதனால்தான்.

இதில் நல்ல செய்தியும் உண்டு, வம்பும் உண்டு. நல்ல செய்தி, ஓடத் தொடங்கினால் பிளாஸ்மா ஓரிரு வாரத்திலேயே கூடிவிடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று ஓட்டம் லேசாகும். மூச்சு கட்டுக்குள் வரும். "அட, பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான்" என்று தோன்றும்.

வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் எலும்பு அந்தக் கணக்கில் இல்லை.

[திரையில்: எலும்பின் குறுக்குவெட்டு. ஒரு பக்கம் அரிக்கும் செல்கள், இன்னொரு பக்கம் கட்டும் செல்கள்]

புதிய சுமை வந்தால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அது செய்யும் முதல் வேலை, பழையதை அரித்து எடுப்பது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த இடத்தில் புதிய எலும்பு உருவாகிக் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்னைவிடச் சற்றுப் பலவீனமாகத்தான் இருக்கும். குதிகால் நாண் மாதிரியான தசைநாண்களும் நிதானமாகவே மாறும். அவற்றுக்குப் போகும் இரத்தமே குறைவு. நுரையீரல் "போகலாம் போகலாம்" என்று தள்ளும் அதே வாரங்களில் முன்னங்கால் எலும்பு தயாராகவே இருக்காது. மறுபடி தொடங்குகிறவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். என் அபிப்பிராயம் என்னவென்றால், குளிர்காலம் இந்த இடைவெளியைக் கடப்பதற்கு மிகவும் தோதான காலம். இருட்டு, வழுக்கல், கனமான உடை எல்லாம் சேர்ந்து நம்மை வேகமாக ஓட விடாது. பக்கத்தில் போட்டியும் அதிகம் இருக்காது.

"வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே" என்று ஒரு விதி உண்டே, அதைப் பின்பற்றினால் போதாதா? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. 532 புதிய ஓட்டக்காரர்கள் கலந்துகொண்டார்கள். பாதிப்பேர் அந்தப் பத்து சதவீதக் கணக்குப்படி 13 வாரம், மீதிப்பேர் வழக்கமான 8 வாரத் திட்டப்படி. காயப்பட்டவர்கள் இந்தப் பக்கம் 20.8 சதவீதம், அந்தப் பக்கம் 20.3 சதவீதம். வித்தியாசமே இல்லை! அதற்காக இஷ்டம்போலக் கூட்டலாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் 6 கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் பத்து சதவீதம் என்பது வெறும் 600 மீட்டர். 60 ஓடுகிறவருக்கு அதே கணக்கு முழுசாக ஒரு ஓட்டத்தையே கூட்டிவிடும். இரண்டையும் ஒரே விதியில் அடக்கப் பார்ப்பதில்தான் கோளாறு.

சதவீதத்தைவிட வரிசை முக்கியம் என்பேன். முதலில் நாட்களை நிலைப்படுத்துங்கள். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. 20 நிமிடமே போதும். அது பழகிய பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். வேகம் கடைசியில்தான். கிலோமீட்டரைப் பார்க்காமல் நிமிடத்தைப் பார்த்து ஓடுவது இன்னும் நல்லது. பனியிலும் எதிர்காற்றிலும் வேகம் தானாகவே குறையும், அதைத் துரத்தத் தேவையிருக்காது.

முழு 20 நிமிடமும் ஓட முடியவில்லையா? நடுநடுவே நடங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, பின்னாளில் சாதாரண ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த முறையைத்தான். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கலாம். வேகம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓடும்போதே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். தனியாகப் பேசிக்கொண்டு ஓடுகிறாரே என்று யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

குளிர்காலத்தில் மெதுவாகச் சேர்த்து வைப்பது சோம்பேறிகளின் யோசனை அல்ல. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் முறை முழுவதையும் அதன்மேல்தான் கட்டினார். அவருடைய ஆட்கள் போட்டி இல்லாத மாதங்களில் வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்டுநிலப் பாதையில் சுமார் 35 கிலோமீட்டர். இத்தனைக்கும் அவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்னெல்லின் போட்டித் தூரம் 800 மீட்டர்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள்.

அந்த 160 நமக்கு வேண்டாம். நமக்குப் பொருந்துவது அவருடைய இன்னொரு வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஆக்லாந்தில் நடுவயதினரையும் முதியவர்களையும் மெல்லோட்டத்துக்குப் பழக்கினார். 1962-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போய் அவர்களோடு ஓடிப் பார்த்து, எழுபது தாண்டிய ஒருவரோடுகூட ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். அந்த மனிதர் மாரடைப்பிலிருந்து மீண்டவர்!

சரி, குளிருக்கு வருவோம்.

[திரையில்: ஓடுபவரின் நிழலுருவம், உடையின் அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன]

ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அதனால் வெளியே இருப்பதைவிட ஒரு 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று நினைத்து உடுத்துங்கள். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால், பத்து நிமிடத்தில் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டியிருக்கும். தோலை ஒட்டிய உடை பருத்தியாக இருக்கக்கூடாது. அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் வியர்த்து நனைந்த பிறகு காற்று முகத்தில் அறையும்.

குளிர்ந்த காற்று நுரையீரலை உறையவைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆகாது. மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்பும். தொல்லை தருவது அதன் வறட்சி. மூச்சுக்குழாயின் ஈரத்தை அது உறிஞ்சுவதால் சிலருக்கு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரும். வாயை மூடி ஒரு மெல்லிய துணி கட்டினால் போதும், நாம் வெளியிடும் ஈரமே திரும்பக் கிடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டில் ஓடுவதானால் வாகனங்களுக்கு எதிர்முகமாக ஓடுங்கள். ஒளிர்பட்டையை மார்பில் மட்டும் மாட்டினால் பற்றாது. கணுக்காலிலும் முழங்காலிலும் இருந்தால், அசைவைப் பார்த்தே மனிதன் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும். ஐஸ் இருந்தால் அடியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ரொம்ப மோசமென்றால் ட்ரெட்மில் இருக்கவே இருக்கிறது. அதை ஒரு சதவீதம் சாய்த்து வைத்தால்தான் வெளியே ஓடுவதற்குச் சமம் என்பார்கள். காற்றின் எதிர்ப்பு கணிசமாகத் தெரியும் வேகத்தில் ஓடுகிறவர்களுக்கான கணக்கு அது. நம் வேகத்துக்குச் சமதளமே போதும்.

வலியைப் பற்றி ஒன்று. கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக இறுக்கம், அடுத்த நாள் குறைகிறது என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்டக்கூடிய வலி, ஓட ஓட அதிகமாகிறது என்றால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்பது வேண்டாம்.

அப்புறம் எப்போதுதான் வேகமாக ஓடுவது? இரண்டு மாதம் போலத் தடையில்லாமல் ஓடியிருந்தால், வாரத்தில் ஒரு நாள் வழக்கமான மெதுவான ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி வேக ஓட்டம் நான்கு சேர்க்கலாம். முழு வேகம் வேண்டாம், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். தரை வழுக்கும் நாளாக இருந்தால் அதையே ஒரு சிறிய மேட்டில் ஏறி ஓடுங்கள். மேட்டில் பாதம் தரையில் அறைவதும் குறையும். அதுவும் முடியாத அளவுக்கு ஐஸ் என்றால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.