ஸ்டென்ட் வைத்தாச்சு, அழற்சி போயாச்சா?

(குடியாத்தத்தில் இதய நோயாளிகள், குடும்பத்தார் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஊரில் சொல்வது ஒன்றுதான்: "அடைப்பை எடுத்துட்டாங்க." அடைப்பை யாரும் எடுக்கவில்லை. ரத்தக்குழாய்க்குள் பலூனை ஊதி, கொழுப்புத் திட்டைச் சுவரோரம் நசுக்கி, குழாய் மறுபடி சுருங்காமல் இருக்க ஒரு கம்பி வலையை நிறுத்தியிருக்கிறார்கள். மாரடைப்பு நேரத்தில் அந்த வலை உயிரைக் காப்பாற்றும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வலையின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர், நோயோ குழாய்கள் முழுக்க இருக்கலாம்.

முள் குத்திய இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அதுதான் அழற்சி. குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு புகுந்தால் அதைத் தின்ன வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன, தின்றுவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டு சாகின்றன, அது இன்னும் பல அணுக்களை வரவழைக்கிறது, இப்படியே போய்த் திட்டின் மேல்தோல் மெலிந்து ஒருநாள் கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். ஸ்டென்ட் வைப்பதும் சுவருக்கு ஒரு காயம்தான். வெறும் உலோக ஸ்டென்ட் காலத்தில் நாலைந்து பேரில் ஒருவருக்கு உள்ளே தசை வளர்ந்து அதே இடம் சுருங்கியது. இப்போதைய ஸ்டென்ட்டில் அதைத் தடுக்க மருந்து பூசியிருக்கிறது. அந்த மருந்து காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும், ஆறும்வரை அங்கே ரத்தம் உறையக்கூடும், அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் மாதக்கணக்கில் தருகிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, அழற்சியை எப்படிக் குறைப்பது? பீடி, சிகரெட்டை விடுவது, சர்க்கரையையும் தொப்பையையும் குறைப்பது, ஸ்டாட்டின் மாத்திரையை விடாமல் போடுவது. ஸ்டாட்டின் கொழுப்போடு அழற்சியையும் குறைக்கும். அப்புறம் கோல்சிசின். நம் மாநில மலர் செங்காந்தளில் இருக்கிற சரக்கு அது. மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது, பலன் தெரிந்தது. 2024இல் 7,000 பேருக்கு மேல் சேர்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆக, எல்லோருக்குமான மருந்து என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், செங்காந்தளின் கிழங்கான கண்வலிக்கிழங்கை வீட்டில் இடித்துச் சாப்பிடாதீர்கள், அது ஆளைக் கொல்லும் விஷம்.

2019 ஆய்வில் ஐந்தில் ஒருவர்தான் பெண். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் பெண்களுக்குச் சராசரியாகவே கொஞ்சம் கூடுதல், இதயக் குழாய்களும் ஆண்களுடையதைவிட மெல்லியவை. மாரடைப்பு வந்தால் அவர்களுக்கும் நெஞ்சு வலிக்கும்தான், ஆனால் கூடவே மூச்சு வாங்குவது, தாடை வலி, முதுகு வலி, வாந்தி, சொல்ல முடியாத அசதி என்று வருவது அவர்களிடம் அதிகம். இந்த ஊரில் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிற அம்மாவுக்கு முதுகு வலித்தால் "உட்கார்ந்தே இருக்கிற வலி" என்றுதானே தைலம் தேய்க்கிறோம்? புதிதாக வந்த வலி, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சும் வாங்குகிறது என்றால் தைலத்தை வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

ஆஞ்சியோ ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். பெண்களுடையதை முதலில் பார்க்கிறேன்.